நார்ச்சத்து அதிகமா இருக்கற மாதிரி ஈஸியா ஒரு சைவ டிஷ் சொல்லுங்களேன்?

சமையலுக்குப் புதுசு, நார்ச்சத்துக்காக தினம் கேரட் கோஸ்னு காயாவே சாப்பிட்டு அலுத்துப்போச்சு, பயறு சேர்த்து ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் அடிக்கடி பண்றது ராஜ்மாவும் காயும் போட்ட ஒரு கெட்டி கிரேவி, அதையே சொல்றேன்.

நார்ச்சத்துன்னாலே எல்லாரும் காய்க்குத்தான் கிரெடிட் குடுப்பாங்க, கணக்கு பாத்தா நிஜமா வேலை செய்யறது பயறுதான். கேரட்ல 100 கிராமுக்கு 3 கிராம் கூட தேறாது, கோஸ்ல சுமார் 2.5, அதே வெந்த ராஜ்மால சுமார் 7 கிராம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதை வெறும் கேரட்லயே எடுக்கணும்னா கிட்டத்தட்ட ஒரு கிலோ மெல்லணும், நடக்கற காரியமா? அதனால காயை ருசிக்கும் கலருக்கும் போடுங்க, பயறுல கஞ்சத்தனம் வேணாம்.

3 பேருக்கு ஒரு கப் காஞ்ச ராஜ்மா, அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா ஏதாவது 2, 3 காய், ஒரு பெரிய வெங்காயம், 2 தக்காளி, கொஞ்சம் பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் போதும். ராஜ்மாவை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டுடுங்க, ஊறற தண்ணில ஒரு ஸ்பூன் உப்பு போடுங்க. உப்பு போட்டா வேகாதுன்னு சொல்வாங்க, உண்மை அதுக்கு நேரெதிர், தோல் சீக்கிரம் மெத்துனு ஆகும். காலைல அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு நல்லா அலசிட்டு புதுத் தண்ணில வேக வைங்க. வயித்துல கேஸ் பண்ற சர்க்கரை கொஞ்சம் அந்த ஊறின தண்ணியோடயே போயிடும்.

இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். ராஜ்மால இருக்கற லெக்டின்ங்கற புரதம் சரியா வேகலன்னா வாந்தி, வயித்துப்போக்குன்னு ஆளைப் படுக்க வச்சுடும், அதுக்கு பச்சையா 4, 5 கொட்டை உள்ள போனாலே போதும். அதனால பாத்திரத்துல வேக வைக்கறவங்க முதல்ல அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டுட்டு அப்புறம் தீயைக் குறைங்க. ஸ்லோ குக்கர்ல நேரா போடவே போடாதீங்க, அதுல சூடு கொதி நிலைக்கு வராமலே போகலாம், மிதமான சூட்டுல அந்த விஷம் போகாதது மட்டுமில்ல, பச்சையா இருந்ததை விட அதிகமாவும் ஆகும். பிரஷர் குக்கர் இருந்தா கவலையே இல்ல, ஊறின ராஜ்மாவுக்கு 6 விசில் விட்டு, பிரஷர் தானா அடங்கினதும் திறங்க. ஒரு கொட்டையை எடுத்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு நசுக்குங்க, நடுவுல மாவு மாதிரி வெள்ளையா திட்டு தெரியாம வெண்ணெயா நசுங்கணும். ஒரு கொட்டையை நம்பாதீங்க, 4, 5 எடுத்து பாருங்க, ஒரே பாக்கெட்லயே பழைய கொட்டை கலந்திருக்கும், அது அடம்பிடிக்கும்.

தக்காளியை இந்த ஸ்டேஜ்ல சேர்க்கவே கூடாது, புளிப்பு பட்டா கொட்டை இறுகிக்கும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் உள்ள கல்லு கல்லாதான் இருக்கும். அது வெந்ததுக்கு அப்புறம்தான்.

மிச்சம் சின்ன வேலை. எண்ணெய் காஞ்சதும் சீரகம், பூண்டு, வெங்காயம், ஓரம் லேசா சிவந்ததும் தக்காளி, மிளகாய்த்தூள், உப்பு போட்டு தக்காளி கரைஞ்சு எண்ணெய் ஓரத்துல பிரியற வரைக்கும் வதக்குங்க, இந்த இடத்துல அவசரப்பட்டா பச்சை வாசனை கடைசி வரைக்கும் போகாது. கேரட்டை தோல் சீவாம தேய்ச்சுக் கழுவி போடுங்க, கெட்டியான காய் முதல்ல, கோஸ் மாதிரி சீக்கிரம் வேகறது கடைசில. அப்புறம் ராஜ்மாவை அது வெந்த தண்ணியோடவே ஊத்தி 10 நிமிஷம் கொதிக்க விடுங்க. கெட்டியாக மாவு, கிரீம் எல்லாம் தேவையில்ல, ஒரு கரண்டி ராஜ்மாவை சட்டி ஓரத்துலயே மசிச்சு விடுங்க, கிரேவி தானா சேர்ந்துக்கும். இறக்கிட்டு எலுமிச்சை பிழியுங்க, பயறுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர வைட்டமின் சி உதவும்.

ஊற வைக்க டைம் இல்லன்னா டின் ராஜ்மா வாங்கிக்கலாம், தப்பே இல்ல, அது ஏற்கனவே வெந்ததுதான், உப்பு ஜாஸ்தி இருக்கும்ங்கறதால நல்லா அலசிட்டு போடுங்க.

ஒரு கிண்ணத்துல 13, 14 கிராம் நார்ச்சத்து வந்துடும், அதாவது அந்த 25ல பாதிக்கு மேல. இவ்ளோ நாள் பயறே சாப்பிடாதவங்க எடுத்தவுடனே முழு கிண்ணம் சாப்பிட்டா வயிறு உப்பிக்கும், முதல் வாரம் அரை கிண்ணம் சாப்பிடுங்க, தண்ணி நிறைய குடிங்க. மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல 3 நாள் தாங்கும், மறுநாள் இன்னும் இறுகிக் கெட்டியாயிடும், கொஞ்சம் வெந்நீர் விட்டு கொதிக்க வச்சுட்டு உப்பு மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க.