என்ஜின் பூட்டிய பின்னும் ஒயில் ஒழுகுவது ஏன்?

மல்லாவியிலிருந்து விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மெசி பெர்கசன் 240 உழவு இயந்திரத்துக்கு லைனர், பிஸ்டன் மாற்றி என்ஜினைப் பூட்டி இரண்டு மாதமாகிறது. கிளச் பெட்டியின் அடியில் ஒயில் சொட்டுகிறது. இரு பாகங்கள் சேரும் இடத்தில் ஒயிலை மறிக்க வைக்கும் கஸ்கட்டை இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை. இம்முறை சிலிக்கன் பசையைத் தடிப்பாகப் பூசுவதா, வேறு கம்பனிக் கஸ்கட் வாங்குவதா என்று கேட்கிறார். காலபோக உழவும் நெருங்கிவிட்டது.

இரண்டும் வேண்டாம். எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் மூன்றாவது தடவையும் என்ஜினில் ஸ்பனர் வைக்காதீர்கள். ஒயில் எப்போதும் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் வழியும் என்பதால், மேலே ரொக்கர் மூடியில் கசிவது கிளச் பெட்டியின் அடியில் வந்து சொட்டக்கூடும். என்ஜினின் வெளிப்புறத்தை டீசலாலும் சவர்க்காரத் தூளாலும் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை எல்லா மூட்டுகளிலும் தூவி, இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பவுடரில் முதலில் நனைந்த கோடு தெரியும் இடந்தான் ஒழுக்கின் தலை. வெளிப்புறம் எங்கும் காய்ந்திருக்க, கிளச் பெட்டியின் அடித்துவாரத்தால் மட்டும் சொட்டினால் அந்தத் துளியை விரலில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் அது என்ஜின் ஒயில். தேன் நிறத்தில் தடிப்பாக இருந்தால் அது கியர்ப்பெட்டி ஒயில், என்ஜின் கஸ்கட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்து, என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். நம் பக்கத்துக் கிரவல் வீதிப் புழுதியும் உழவுச் சேறும் அந்தக் குழாயில் களியாக இறுகிவிடுகின்றன. முள்ளியவளையிலிருந்து என்னிடம் வந்த ஓர் இயந்திரத்தில், மூன்று மாதம் கொட்டிலில் நின்ற காலத்தில் குளவி மண்கூடு கட்டிக் குழாயை முற்றாக அடைத்திருந்தது. அந்தக் கூட்டை ஒரு கம்பியால் குத்தி எடுத்ததோடு, நான்கு இடத்தில் கசிந்த ஒயில் நின்றுவிட்டது. உள்ளே காற்றழுத்தம் கூடினால் எந்த நல்ல கஸ்கட்டும் தாங்காது. பிஸ்டனின் புது ரிங் படிந்து வரும்வரை இந்த அழுத்தம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

சிலிக்கனைப் பற்றிக் கேட்டீர்கள். தடிப்பாகப் பூசிய சிலிக்கன் வெளியே பிதுங்குவதைத்தான் கண்கள் காணும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, நூல்போல அறுந்து, ஒயில் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டுகிறது. வலை அடைபட்டால் ஒயில் ஏறாமல் பெயரிங் எரியும். ஆகவே பேப்பர்க் கஸ்கட்டுக்கும் ஹெட் கஸ்கட்டுக்கும் சிலிக்கன் பூசக்கூடாது. இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று, அதைக் கவனமாகப் படியுங்கள். என்ஜினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் முன்னும் பின்னும் வளைந்த தக்கைப் பட்டிகள் வந்து, பக்கத்துப் பேப்பர்க் கஸ்கட்டோடு சேரும் மூலைகள் நான்கு உண்டு. அந்த நான்கு மூலையில் மட்டும் பச்சைப்பயறு அளவு சிலிக்கன் வைக்கவேண்டும். மூலையைத் தாண்டி இழுக்கக்கூடாது, வைத்தபின் மேலே தோல் படியுமுன் சம்ப்பை ஏற்றிவிடவேண்டும், பூட்டிய பின் ஒரு நாள் காயவிட்டே ஒயில் ஊற்றவேண்டும்.

மற்றபடி ஒயிலை மறிப்பது சுத்தமான, சமமான முகந்தான். பழைய கஸ்கட்டின் துணுக்கு நகத்தில் தட்டுப்படாதவரை சுரண்டி, தின்னரால் துடைத்து, நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். தகட்டு மூடிகளைப் பலமாக இறுக்குவதால் போல்ட் துளையைச் சுற்றிய தகடு குழிந்து, இடைநடுவில் வாய் திறக்கிறது. போல்ட் துளைக்குள் ஒயில் தேங்கியிருந்தால், இறுக்கும்போது வார்ப்பே வெடிக்கக்கூடும். கட்டாயம் ஊதி எடுங்கள்.

கஸ்கட்டை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். பூட்டுபவர் வாங்கித் தருவதாகச் சொன்னால், பல இடங்களில் அந்த விலைக்குள் அவருடைய கொமிசனும் இருக்கிறது. கொமிசன் கூடக்கூடப் பெட்டி பளபளப்பாகும், உள்ளிருக்கும் தக்கை பழசாகும். பெட்டியில் அச்சடித்த “ஒரிஜினல்” என்ற சொல்லை நம்பாமல், தக்கையைச் சற்று வளைத்துப் பாருங்கள். வெடித்தால் திருப்பிக் கொடுங்கள். பழைய கஸ்கட்டை மேலே வைத்துத் துளைகளை ஒத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள். முறைப்பாடு செய்யப் போனால் பற்றுச்சீட்டு எங்கே என்கிறார்கள், கடையிலோ அதைத் தருவதில்லை. ஒரு போகத்து வருமானத்தை என்ஜினுக்குள் கொட்டியவரை இப்படி அலைக்கழிப்பதை நான் எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்.

அடித்துவாரத்தில் சொட்டுவது கறுப்பு ஒயில் என்றால், பெரும்பாலும் என்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில் ஒயிலை மறிக்கும் சீல்தான் காரணம். உங்கள் என்ஜினில் இருப்பது இரண்டு பாதிகளாக வரும் கயிற்றுச் சீல் என்றால், அதை ஒயிலில் ஊறவைத்து, உருண்டைக் கம்பியால் அமர்த்தி, ஒவ்வொரு பாதியின் இரு முனையும் கால் முதல் அரை மில்லிமீற்றர் வரை வெளியே நிற்கும்படி வெட்டவேண்டும். கத்தியால் மட்டமாக வெட்டிவிட்டால் இரு பாதியும் சேரும் இடத்தில் ஒழுகும், அதை மேலே பூசும் எதுவும் நிறுத்தாது. இதற்கு இயந்திரத்தை நடுவில் பிரிக்கவேண்டியிருப்பதால் உழவு முடியும்வரை தள்ளிவைக்கலாம். அதுவரை தினமும் காலையில் ஒயில் அளவுக்கம்பியைப் பாருங்கள்; குறைந்ததை ஊற்றி ஓட்டுங்கள். கிளச் வழுக்கத் தொடங்கினால் மட்டும் அன்றே நிறுத்திவிடுங்கள்.