கையெழுத்துப் போடும் முன் பாலிசியை முழுதாகப் படியுங்கள்

கேள்வி: அக்கா, கலிபோர்னியாவின் ஆல்டடீனாவில் நாங்கள் பன்னிரண்டு வருடம் குடியிருந்த வீடு 2025 ஜனவரி 7 இரவு ஈட்டன் காட்டுத்தீயில் எரிந்துவிட்டது. பத்து மாதமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். இன்சூரன்ஸ் கம்பெனி ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல் கேட்கிறது. கட்டடத்துக்கு வந்த செக்கில் வீட்டுக் கடன் தந்த பாங்க் பெயரும் சேர்ந்திருக்கிறது. இப்போது, தீக்குக் காரணம் என்று சந்தேகிக்கப்படும் எடிசன் மின் கம்பெனி ஒரு நஷ்டஈட்டுத் திட்டம் அறிவித்திருக்கிறது. வருவதை வாங்கிக்கொண்டு மனையையும் விற்றுவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாசடீனா

பதில்: 2017 அக்டோபரில் சான்ட்டா ரோசாவில் எங்கள் வீடும் இப்படித்தான் போனது. காரில் ஏறும்போது என் கையில் இருந்தது பாஸ்போர்ட் பையும் மகனின் ஆஸ்துமா மருந்தும் மட்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த இரவின் புகை வாசனையே திரும்ப வந்தது. நான் வக்கீல் இல்லை. அதே பாதையில் உங்களுக்கு முன்னால் நடந்தவளாகத்தான் பேசுகிறேன்.

முதலில், பாலிசியின் முழுப் பிரதியை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். நாங்கள் மாதக்கணக்கில் இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பணம் போதாதே என்று தூங்காமல் கிடந்தோம். முழுப் பாலிசி வந்த பிறகுதான் தெரிந்தது: கட்டடத் தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் உண்டு, புதிய கட்டட விதிகளுக்காக ஆகும் செலவுக்குத் தனித் தொகையும் உண்டு. எங்கள் கிளெய்மைப் பார்த்தவர் அதுவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்கள் பாலிசியிலும் இந்த இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது பட்டியல். உங்கள் தீ நடந்தபோது இருந்த சட்டப்படி, அவசரநிலை அறிவித்த பேரிடரில் வீடு முழுதும் அழிந்திருந்தால், கட்டடத் தொகையில் 30 சதவீதம் வரை (உச்சம் 2,50,000 டாலர்) பட்டியல் இல்லாமலேயே பொருள்களுக்காகத் தர வேண்டும். இது கிடைக்கவில்லை என்றால் இன்றே கேளுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால்தான் பட்டியல் வேண்டும். கொடுமையான வேலைதான், ஆனால் விட்டுவிடாதீர்கள். நான் வாடகை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அறை அறையாக, அலமாரி அலமாரியாக எழுதினேன். இட்லித் தட்டு எழுதும்போது அழவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய அஞ்சறைப்பெட்டியை எழுதும்போது முடியவில்லை.

என் பட்டுப்புடவைகளை ‘பயன்படுத்திய துணி, 15 டாலர்’ என்று போட்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கல்யாண ஆல்பப் படங்களை அனுப்பச் சொன்னேன். அதேபோன்ற புடவை இன்று என்ன விலை என்று காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் எழுதி வாங்கினேன். இரண்டு மாதம் கழித்துத் திருத்தினார்கள். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பிறந்தநாள், கொலுப் படங்கள் நிறைய இருக்கும். பின்னணியில் தெரிகிற சோபாவும் டிவியும்கூடச் சாட்சிதான்.

நகை விஷயத்தில் ஒன்று. பல பாலிசிகளில் நகைக்கு இருக்கும் குறைந்த உச்சவரம்பு திருட்டுக்கு மட்டும்தான், தீக்கு அல்ல. ‘நகைக்கு இவ்வளவுதான்’ என்று யாராவது சொன்னால், அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

பாங்க் பெயர் கட்டடச் செக்கில் இருப்பது சரிதான். அவர்கள் அதைத் தனிக் கணக்கில் வைத்து, வேலை நடக்க நடக்கத் தவணையாக விடுவார்கள். ஆனால் பொருள்களுக்கும் வாடகைக்கும் வரும் பணத்தில் பாங்குக்குப் பங்கு இல்லை. அந்தச் செக்குகளில் அவர்கள் பெயர் இருந்தால் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குங்கள்.

மனையை விற்பது உங்கள் இருவரின் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் இது உங்கள் கணவருக்குத் தெரிய வேண்டும்: அதே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு ஊரில் கட்டினாலும், கட்டிய வீட்டை வாங்கினாலும், மறுகட்டுமானத் தொகையைக் கேட்கலாம். புது இடத்தின் நில மதிப்பை அதில் கழிக்கவும் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனி தேய்மானத்தைக் கழித்து முதலில் தரும் தொகை வந்த நாளிலிருந்து, முழுத் தொகையையும் பெறக் குறைந்தது 36 மாதம் அவகாசம் இருக்கிறது.

எடிசன் திட்டத்துக்கு வருவோம். அவர்கள் தரும் தொகையை ஒப்புக்கொண்டால் அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போடும் உரிமை போய்விடும். கலிபோர்னியாவில் மின் கம்பெனியின் கருவிதான் தீக்குக் காரணம் என்று நிரூபித்தாலே சொத்து நஷ்டஈடு கேட்கலாம், கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் உங்கள் நிலை அவ்வளவு பலவீனமானது அல்ல. அதே சமயம் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். 2018இல் பாரடைஸ் ஊரை எரித்த தீக்கும் சேர்த்து பி.ஜி. அண்ட் இ. என்ற இன்னொரு மின் கம்பெனி ஒப்புக்கொண்ட 1,350 கோடி டாலரில் பாதி கம்பெனிப் பங்குகளாகத்தான் வந்தது. வயதானவர்களுக்கும் கையில் பணம் இல்லாதவர்களுக்கும் உடனே வருவது பெரிது, அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அவருடைய ஃபீஸ் சதவீதம் இன்சூரன்ஸ் பணத்திலும் கழியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

காலண்டரில் குறித்துக்கொள்ள: வாடகைச் செலவுக்கு இன்சூரன்ஸ் தருவது 24 மாதம், உங்கள் கையில் இல்லாத காரணத்தால் வேலை தாமதமானால் இன்னும் 12. இன்சூரன்ஸ் கம்பெனி மேல் வழக்குப் போடுவதற்கும் பொதுவாக 24 மாதம்தான், அதாவது 2027 ஜனவரிக்குள்.

அப்புறம், உண்மையிலேயே அவசரமான ஒன்று. வீடு அழிந்ததற்காகச் சொத்து வரியைக் குறைக்கக் கேட்கும் மனுவைத் தீ நடந்த 12 மாதத்துக்குள் கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி உங்களுக்கு அது 2026 ஜனவரியோடு முடிகிறது. ஒரே ஒரு படிவம்தான். இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.