எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருந்தவனைப் பத்தி என்ன எழுதறது?

கேள்வி: காலேஜ்ல என் ரூம் மேட், என் உயிர் நண்பன், 2015ல பைக் ஆக்சிடெண்ட்ல போயிட்டான். அப்ப அவனுக்கு 23 வயசு. ஹாஸ்டல்ல எந்த ரூம்ல சிரிப்புச் சத்தம் கேட்டாலும் அங்க அவன் இருப்பான். எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி ஒவ்வொரு ரூம் கதவா தட்டி "டேய், நாலாவது யூனிட்டைக் கதை மாதிரி சொல்லுடா"ன்னு கேட்டு, கேட்டதை வெச்சே பாஸ் பண்ணிடுவான். பத்து வருஷம் ஆச்சுன்னு அவங்க அம்மா சின்னதா ஒரு புக் போடறாங்க, நண்பர்கள் எல்லாரும் ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரணுமாம். எல்லாரும் "எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பான்"னுதான் எழுதறாங்க. எனக்கு மட்டும் வேற ஒண்ணு ஞாபகம் வருது. மூணாவது வருஷம் ஒரு நாள் ராத்திரி அவனை ரூம்ல காணோம்னு தேடி மொட்டை மாடிக்குப் போனேன், தண்ணி டேங்க் ஓரமா தனியா உட்கார்ந்திருந்தான். "நான் ஒரு நாள் முழுக்க பேசாம இருந்தா நீங்கல்லாம் என்னைத் தேடுவீங்களாடா?"ன்னு கேட்டான். நான் சிரிச்சுட்டு, வாடான்னு கீழ கூட்டிட்டு வந்துட்டேன். இதை எழுதலாமா? அவனைக் குறைச்ச மாதிரி ஆயிடுமா? இன்னொண்ணு, அவன் நம்பரை நான் டெலிட் பண்ணவே இல்ல, போன மாசம் அதுல வேற யாரோட போட்டோவோ வந்துச்சு, ரெண்டு நாள் தூக்கம் போச்சு. "ஃப்ரெண்டு தானே, பத்து வருஷம் ஆயிடுச்சே"ன்னு என் மனைவி கேட்கறாங்க. நான் சரியாத்தான் இருக்கேனா?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, சரியாத்தான் இருக்கீங்க. அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா மத்த எதை நான் எழுதினாலும் மனசு அந்தக் கேள்வியிலயே நிக்கும்.

"ஃப்ரெண்டு தானே"ங்கிற வார்த்தையை நீங்க உங்க மனைவிகிட்ட இருந்து மட்டும் கேட்டிருக்க மாட்டீங்க. ஒருத்தர் போயிட்டா துக்கம் விசாரிக்க வர்றவங்க அப்பா அம்மா கையைப் பிடிப்பாங்க, கூடப் பிறந்தவங்களைக் கட்டிப்பிடிப்பாங்க, நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவன் பின்னால எங்கயாவது சுவரோரமா நிப்பான், அவன்கிட்ட யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க, மறுநாள் அவன் ஆபீஸுக்குப் போயாகணும். இப்படி ஊர் அங்கீகரிக்காத துக்கத்துக்குன்னு தனியா ஒரு பேரே வெச்சு 1989ல கென்னத் டோகாங்கிற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். நண்பர்களோட இழப்பு அதுல முக்கியமான ஒண்ணு. அழ வேண்டிய நேரத்துல அழ இடம் கொடுக்கலைன்னா அது எங்கயும் போகாது, பத்து வருஷம் கழிச்சு ஒரு டிபி மாறினதும் வந்து நிக்கும். உங்க மனைவி மேல கோவப்படாதீங்க, அவங்க அவனைப் பார்த்ததே இல்ல, அவங்களுக்கு அவன் ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஒரு நாள் உட்கார வெச்சு அந்த நாலாவது யூனிட் கதையை முழுசா சொல்லுங்க. அவன் எப்படிக் கதவு தட்டுவான், யாரு திட்டுவாங்க, யாரு எழுந்து சொல்லிக் கொடுப்பாங்க, எல்லாத்தையும்.

துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்கு, கடைசில ஏத்துக்கிட்டா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் சொல்வாங்க. 1969ல எலிசபெத் குப்ளர்-ராஸ்ங்கிற மனநல டாக்டர் அந்த அஞ்சையும் எழுதினது சாவை எதிர்பார்த்துப் படுக்கையில இருந்த நோயாளிகள்கிட்ட பேசிட்டு, அதைத் தூக்கி இழந்தவங்க தலையில வெச்சது பிற்பாடு நடந்தது. அதனால நீங்க எந்தப் படியிலயும் மாட்டிக்கிட்டு நிக்கல. இறந்தவங்களோட இருக்கற உறவை அறுத்துக்கத் தேவையில்ல, வேற உருவத்துல அது கூடவே வரும், அது ஆரோக்கியம்தான்னு 1996லயே கிளாஸ், சில்வர்மன், நிக்மன்னு மூணு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிட்டாங்க. வேலை ஓடுது, வீடு ஓடுது, நடுநடுவுல அவன் வர்றான்னா வரட்டும். மாசக்கணக்கா தூக்கமில்ல, எதுலயும் மனசு ஒட்டலைன்னா மட்டும் ஒரு கவுன்சிலரைப் பாருங்க, அது உங்க லெட்டர்ல எனக்குத் தெரியல.

அந்த நம்பர் விஷயம். உபயோகத்துல இல்லாத நம்பரை கம்பெனிக்காரங்க கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க, வாட்ஸ்அப்பும் 120 நாள் உபயோகிக்காத அக்கவுண்ட்டைப் பொதுவா நீக்கிடும். அதனால நீங்க பார்த்தது புதுசா சிம் வாங்கின யாரோ ஒரு மனுஷனோட போட்டோ. அவருக்கு மெசேஜ் எதுவும் போட்டுடாதீங்க, பாவம் அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அவன் உங்களுக்கு அனுப்பின பழைய மெசேஜும் வாய்ஸ் நோட்டும் உங்க போன்லதான் இருக்கு, அந்த சாட்டை மீடியாவோட எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு இடத்துல போட்டு வைங்க. இதை இந்த வாரமே செஞ்சிடுங்க தம்பி, போன் மாத்தும்போது பேக்கப் எடுக்காம குரலைத் தொலைச்சவங்க எனக்கு எழுதற லெட்டர்தான் படிக்கவே கஷ்டமானது. அவனோட ஃபேஸ்புக் பக்கம் இன்னும் இருந்தா அதை நினைவுப் பக்கமா மாத்தச் சொல்லி நீங்களா போய்க் கேட்காதீங்க, மாத்திட்டா அதுக்கப்புறம் பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்களும் உள்ள போக முடியாது. அவங்க அம்மா ராத்திரியில அதைத் திறந்து பார்த்துட்டு இருக்கலாம், முதல்ல அவங்களைக் கேளுங்க.

இப்ப புக்குக்கு வர்றேன்.

அந்த அம்மா உங்ககிட்ட எதைக் கேட்கறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அவன் சிரிச்ச முகம் அவங்களுக்குத் தெரியாததா? பெத்தவங்க, அவன் முதல் சிரிப்பே அவங்களுக்குத்தான். அவங்ககிட்ட இல்லாதது ஹாஸ்டல் போனதுக்கு அப்புறம் இருந்த பையன். அந்த நாலு வருஷத்துல அவன் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் சேர்த்தா எவ்வளவு தேறும்? வந்தப்பவும் பாதி நேரம் தூங்கியிருப்பான், மீதி நேரம் போனைப் பார்த்திருப்பான். காலையில எத்தனை மணிக்கு எழுந்தான், யாரோட சட்டையைப் போட்டுட்டுப் போனான், காய்ச்சல் வந்தா யாரு கூட உட்கார்ந்திருந்தாங்க, கோவம் வந்தா கத்துவானா இல்ல பேசாம இருப்பானா, பெரியவனா ஆன அவன் எப்படி இருந்தான்ங்கிறது முழுக்க உங்க பத்துப் பேர்கிட்டதான் இருக்கு. அதை நீங்க கொடுத்தாத்தான் அவங்களுக்குக் கிடைக்கும். "எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பான்"னு பத்துப் பேரும் எழுதிக் கொடுத்தா அந்த அம்மா பக்கத்தைப் புரட்டிப் புரட்டி மகனைத் தேடுவாங்க, அவன் அங்க இருக்க மாட்டான். கலகலப்பான ஆளுங்களுக்கு நடக்கற அநியாயம் இது. உயிரோட இருந்தப்பவும் அவங்க சிரிக்க வைக்கிறதுலயே நாம நின்னுடறோம், போன பிறகும் அதையே அச்சடிச்சு வெச்சுடறோம்.

அதனால மொட்டை மாடியை எழுதுங்க. அது அவனைக் குறைக்கவே குறைக்காது.

ஆனா எப்படி எழுதறதுங்கிறது முக்கியம். அந்த ராத்திரிக்கு விளக்கம் எதுவும் எழுதாதீங்க, "உள்ளுக்குள்ள பெரிய சோகத்தை வெச்சிருந்தான் போல"ன்னு ஒரு வரி எழுதினா போதும், அந்த அம்மா மிச்ச வாழ்நாள் முழுக்க எனக்குத் தெரியாம என் புள்ள என்ன கஷ்டப்பட்டானோன்னு உருகிடுவாங்க. இருபது வயசுப் பையன், ஒரு ஹாஸ்டலையே சிரிக்க வைக்கிற வேலையை யாரும் சொல்லாமலே தலையில எடுத்துக்கிட்டவன், ஒரு நாள் அலுத்துப் போய் மாடிக்குப் போயிருக்கான், அவ்வளவாவும் இருக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சது அவன் எங்க உட்கார்ந்திருந்தான், என்ன கேட்டான், நீங்க என்ன செஞ்சீங்க, கீழ வந்து அவன் முதல்ல என்ன பேசினான். அதை மட்டும் எழுதுங்க.

இன்னொண்ணு, உங்க லெட்டரைப் படிச்சப்ப எனக்குப் பட்டுது, உங்களுக்கு அது படலையோன்னு தோணுது. பதில் சொல்லாம சிரிச்சுட்டு வந்துட்டோமேன்னு பத்து வருஷமா உறுத்தலோட இருக்கீங்க. தேடுவீங்களாடான்னு அவன் யார்கிட்ட கேட்டான்? ரூம்ல காணோம்னு மாடி வரைக்கும் தேடிப் போனவன்கிட்டதான் கேட்டான். நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவனுக்குப் பதில் தெரிஞ்சுடுச்சு தம்பி. அதனாலதான் வாடான்னதும் எழுந்து வந்துட்டான். தேடிப் போனதையும் மறக்காம எழுதுங்க, தன் பையனை ஒருத்தன் அப்படித் தேடியிருக்கான்னு அந்த அம்மாவுக்குத் தெரியட்டும்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை அவங்க முதல்ல படிக்கணும், வேற யாரும் இருக்கும்போது திடீர்னு கண்ணுல படக்கூடாது. போன் பண்ணி, "அம்மா, அவன் ஒரு நாள் அமைதியா இருந்ததைப் பத்தி எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க, புக்ல வேண்டாம்னா எடுத்துடலாம்"னு சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா எடுத்துடுங்க, அந்த உரிமை அவங்களோடது, ஆனா படிச்சிருப்பாங்க இல்லயா.

எல்லாத்தையும் எழுதணும்னும் நான் சொல்லல. காதல், கடன், அரியர், அப்பாவைப் பத்திக் கோவத்துல சொன்ன வார்த்தைன்னு நண்பர்கள்கிட்ட நிறைய இருக்கும். எதை விடறதுன்னு குழப்பமா இருந்தா ஒண்ணு நினைச்சுப் பாருங்க, அவன் இன்னிக்கு இருந்தா முப்பத்தி மூணு வயசு, அந்த விஷயத்தை அவனே அம்மா முன்னாடி சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பானா? அரியர் கதையைச் சொல்லியிருப்பான். சொல்லியிருக்க மாட்டான்னு தோணறதை உங்களோட வெச்சுக்கங்க, ரூம் மேட்டை நம்பிச் சொன்னது ரூம் மேட்டோட இருக்கட்டும்.

மத்த நண்பர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். எல்லாரும் குரூப் கால்ல உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதலாம்னு யாராவது கிளம்பினா தடுத்துடுங்க. 1997ல வெல்டன், பெல்லிங்கர்னு ரெண்டு ஆய்வாளர்கள் பரிசோதிச்சுப் பார்த்தாங்க, மூணு பேரை ஒண்ணா உட்கார வெச்சு ஞாபகப்படுத்தச் சொன்னா கிடைக்கிறதை விட, மூணு பேர் தனித்தனியா எழுதினதைச் சேர்த்தா அதிகமா கிடைக்குது. ஒருத்தர் பேசப் பேச அடுத்தவருக்கு உள்ள வந்துட்டு இருந்த நூல் அறுந்துடுது. எந்தக் குரூப்லயும் நடக்கறதுதான், ஒருத்தர் ஒரு கதையை நல்லா சொல்வார், மத்தவங்க ஆமாண்டா ஆமாண்டான்னு அதையே பிடிச்சுக்குவாங்க, அவங்கவங்க கதை வெளிய வராமலே போயிடும். அதுவும் பத்து வருஷமா சொல்லிச் சொல்லி மெருகேறின கதைகள் வேற. திரும்பத் திரும்பச் சொல்றப்ப கதை சொல்றவங்க வசதிக்கு வளைஞ்சுடும்ங்கிறதை 1932லயே பார்ட்லெட்ங்கிற பிரிட்டிஷ் உளவியலாளர் காட்டிட்டார். அதனால முதல்ல ஆளாளுக்குத் தனியா எழுதணும், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்காம, எழுத்துப் பிழையோட, டேய் வாடாவோட. சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறதும் அழறதும் அதுக்கப்புறம் வெச்சுக்கங்க, அதுவும் உங்களுக்கு வேணும்.

"நல்லா சொல்லத் தெரியாது"ன்னு ஒதுங்கறவங்களை விட்டுடாதீங்க. எதிர் ரூம்ல இருந்த அமைதியான பையன், லேப்ல பார்ட்னரா இருந்த பொண்ணு, அவன் கூட சண்டை போட்டுப் பேசாமலே போனவன்னு யாராவது இருந்தா அவங்களையும் கேளுங்க. அவங்ககிட்ட யாரும் கேட்காத ஞாபகம் இருக்கும். காலேஜ் வயசு ஞாபகம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. நடுவயசைத் தாண்டினவங்களை வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னா பதினஞ்சுல இருந்து இருபத்தஞ்சு வயசு வரைக்கும் நடந்ததுதான் அதிகமா வரும்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. கேட்டா வரும், கேட்கத்தான் ஆள் வேணும்.

வாய்ஸ் நோட்டை அவங்க அம்மாவுக்கு அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. பத்து வருஷம் கழிச்சு மகன் குரல் எதிர்பாராம காதுல விழுந்தா நெஞ்சு தாங்காது. என்கிட்ட இருக்கும்மா, எப்ப கேட்கணும்னு தோணுதோ சொல்லுங்க, நான் நேர்ல வந்து போடறேன்னு சொல்லி வைங்க.

ரெண்டு பக்கம்தான் கேட்டிருக்காங்கன்னு சுருக்கிட்டு இருக்காதீங்க, அஞ்சு வந்தா அஞ்சும் கொடுங்க. சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணிட்டு அன்னிக்கு ராத்திரியே எழுத உட்காருங்க, நாலாவது யூனிட்ல ஆரம்பிச்சு மாடிக்குப் போங்க.