'என் புளோக்' என்றால் என்ன? வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கும் அப்படிச் சொல்லலாமா?

சொல் பிரெஞ்சு. 'மொத்தமாக, பிரிக்காமல்' என்று பொருள். ஒரு கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே பக்கம் வாக்களித்தாலும், மருத்துவர் கட்டியைத் துண்டாக்காமல் முழுசாக வெட்டியெடுத்தாலும் இதே சொல்தான்.

சிங்கப்பூரில் இது வீட்டு விற்பனையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கொண்டோவின் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின்) எல்லா வீடுகளையும் சேர்த்து ஒருவருக்கே விற்பதைத்தான் என் புளோக் என்கிறோம். தமிழில் 'ஒட்டுமொத்த விற்பனை' எனலாம். முன்பு ஒரே ஓர் உரிமையாளர் மறுத்தாலும் விற்பனை நின்றுவிடும். 1999இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 10 ஆண்டுக்குக் குறைந்த கட்டடத்துக்கு 90 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 80 விழுக்காடு ஒப்புதல் போதும். இது தலை எண்ணிக்கை அல்ல. பங்கு மதிப்பு (குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு), பரப்பளவு இரண்டிலும் அந்த அளவு வர வேண்டும். ஆகவே பெரிய வீட்டுக்காரரின் கையெழுத்துக்குக் கனம் அதிகம். விருப்பமில்லாதவர்கள் ஸ்ட்ராட்டா உரிமை (அடுக்குமாடி வீட்டு உரிமை) வாரியத்தில் ஆட்சேபிக்கலாம். வயதானவர்களுக்கு இந்த உரிமையை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

சரி, வீவக? 'எங்க புளோக் என் புளோக் ஆயிடுச்சு' என்று காப்பிக்கடையில் கேட்டிருப்பீர்கள். அது 1995இல் தொடங்கிய செர்ஸ் (செலக்டிவ் என் புளோக் ரீடெவலப்மென்ட் ஸ்கீம்) திட்டம். அதன் முழுப்பெயரிலேயே 'என் புளோக்' இருப்பதால் அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அங்கே வாக்கெடுப்பு கிடையாது. புளோக்கை அரசாங்கமே தேர்ந்தெடுத்துக் கையகப்படுத்தும். இழப்பீடும், 99 ஆண்டுக் குத்தகையில் புது வீடு வாங்கும் வாய்ப்பும் தரும்.