‘இஃப்’ வந்தால் ‘வில்’ எங்கே? – ஆங்கில இலக்கணம்: கேள்வி பதில்

கேள்வி: “இஃப் இட் வில் ரெயின் டுமோரோ, வீ வில் சோ த பாடி” என்று எழுதினேன். ரீச்சர் முதலாவது ‘வில்’லை வெட்டிவிட்டார். மழை நாளைக்குத்தானே பெய்யப்போகிறது?
– சாதாரண தர மாணவன், கிளிநொச்சி

பதில்: வெட்டியது சரி. ‘நாளைக்கு மழை பெய்தால் விதைப்போம்’ என்கிறோம். எதிர்காலத்தை ‘விதைப்போம்’ தாங்குகிறது, ‘பெய்தால்’ அல்ல. ஆங்கிலத்திலும் ‘வில்’ அந்தப் பாதிக்குத்தான். ‘இஃப்’ உள்ள பாதியில் நிகழ்காலம்: “இஃப் இட் ரெயின்ஸ்”. கடைசி ‘ஸ்’ கவனம். ‘வில்’லைச் சரியாக விட்டவர்களும் ‘இஃப் இட் ரெயின்’ என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள்.

கேள்வி: ‘ஹாட்’ இறந்தகாலம். இன்றைய நிலையைச் சொல்ல ‘இஃப் ஐ ஹாட்’ என்று ஏன் போடுகிறார்கள்?
– வாசகி, மாங்குளம்

பதில்: தமிழ் பேசுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ‘காசு இருந்தால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்குவேன்.’ நெல் விற்ற காசு அடுத்த கிழமை வரும் என்றிருப்பவரும் இப்படித்தான் சொல்வார். கையில் ஒரு சதமும் இல்லாதவரும் இப்படித்தான் சொல்வார். ஆங்கிலம் இருவரையும் பிரித்துவிடும். முதலாமவர், “இஃப் ஐ ஹாவ் த மணி, ஐ வில் பை இட்.” மற்றவர், “இஃப் ஐ ஹாட் த மணி, ஐ வுட் பை இட்.” இந்த ‘ஹாட்’ நேற்றைய கதை அல்ல, காசு இல்லை என்பதன் அடையாளம். ‘பெய்தால்’ என்ற சொல்லையே உற்றுப் பாருங்கள். ‘பெய்தது’ என்பதில் உள்ள இறந்தகால ‘த்’ அதற்குள்ளும் இருக்கிறது. ஆனாலும் நாளைய மழையைத்தான் சொல்கிறோம்.

நடக்கக்கூடியதென்றால் ஹாவ்–வில், வெறும் நினைப்பென்றால் ஹாட்–வுட். ‘இஃப் ஐ ஹாட்... ஐ வில்’ என்று கலப்பதுதான் விடைத்தாள்களில் வழக்கமான பிழை. ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதும் இந்த இரண்டாம் வகை. பேச்சில் ‘வாஸ்’ கேட்கும். பரீட்சையில் ‘வேர்’ எழுதுங்கள்.

கேள்வி: ‘ஒக்டோபரில் விதைத்திருந்தால் இப்போது அறுவடை செய்துகொண்டிருப்போம்.’ இதற்கு ‘வுட் ஹாவ்’ போடலாமா?
– உயர்தர மாணவி, முல்லைத்தீவு

பதில்: வேண்டாம். விதைப்பு முடிந்துபோன காலம், அறுவடை இன்று. “இஃப் வீ ஹாட் சோன் இன் ஒக்டோபர், வீ வுட் பீ ஹார்வெஸ்டிங் நவ்.” அறுவடையும் கடந்துபோனதென்றால் மட்டும் ‘வீ வுட் ஹாவ் ஹார்வெஸ்டட்’. எப்படியிருந்தாலும் ‘இஃப்’ பாதிக்குள் ‘வுட் ஹாவ்’ நுழையக்கூடாது. ‘ஹாட்’டுக்குப் பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்: ‘ஹாட் கோன்’ சரி, ‘ஹாட் வென்ட்’ பிழை.

கேள்வி: ‘அன்லெஸ்’ வந்தால் ‘நொட்’ சேர்க்க வேண்டுமா?
– வாசகர், வவுனியா

பதில்: ‘அன்லெஸ்’ஸுக்குள் ‘ஆவிட்டால்’ ஏற்கெனவே இருக்கிறது. ‘இரணைமடுக் குளம் நிரம்பாவிட்டால் சிறுபோகம் இல்லை’ என்பதற்கு “அன்லெஸ் இரணைமடு ஃபில்ஸ்” போதும். ‘டஸ் நொட் ஃபில்’ என்று எழுதினால் குளம் நிரம்பினால்தான் சிறுபோகம் இல்லை என்றாகிவிடும்.