மரம் ஏறி வெட்டும் குழுவுக்கு எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

பட்டுக்கோட்டைப் பகுதியில் நான்கு பேர் கொண்ட குழுவாக மரம் வெட்டும் வேலை செய்துவரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இதுவரை தென்னை, வேம்பு, புளி எல்லாவற்றையும் அரிவாளையும் சாதாரண நைலான் கயிற்றையும் வைத்தே சமாளித்துவந்தோம். இப்போது பள்ளி வளாகங்களிலும் மண்டபங்களிலும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களைக் கிளை கழிக்கக் கூப்பிடுகிறார்கள். நல்ல செயின்சா ஒன்று வாங்கலாம் என்று பணம் சேர்த்திருக்கிறோம். கட்டட வேலைக்கு விற்கும் ஹார்னஸ் (உடலில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை) எங்களுக்குப் போதுமா? கயிற்றை எப்போது மாற்ற வேண்டும்? ரம்பத்தை எப்படிப் பராமரிப்பது?"

சேர்த்த பணத்தைச் செயின்சாவில் தொடங்கிச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. தெரிந்த மெக்கானிக் பார்த்துச் சரிசெய்து தரும் பழைய ரம்பத்தை வைத்து இரண்டு வருடம் வேலை ஓட்டலாம். அது நின்றுபோனால் அன்றைய கூலி போகும், அவ்வளவுதான். உடலைத் தாங்கும் கயிறு, ஹார்னஸ், கொக்கி ஆகிய மூன்றையும் மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது. முன்பு வைத்திருந்தவர் அவற்றை வெயிலில் போட்டாரா, பேட்டரி ஆசிட் பட்டதா, ஒருமுறை யாராவது அதில் விழுந்தார்களா என்பதெல்லாம் பார்த்தால் தெரியாது.

கட்டட வேலைக்கான ஹார்னஸ், விழுந்தவரைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதன் முக்கிய வளையம் முதுகில் இருக்கிறது. அதில் தொங்கிக்கொண்டு இரு கைகளாலும் வேலை செய்ய முடியாது. அதோடு வரும் அதிர்வு தாங்கும் பட்டை, விழும்போது தையல் பிரிந்து நீண்டு வேகத்தைக் குறைக்கிறது. இரண்டு மீட்டர் பட்டையும் அது நீளும் அளவும் ஆளின் உயரமும் சேர்ந்தால் கீழே ஐந்து, ஆறு மீட்டர் வெற்றிடம் வேண்டும். கிளைகளுக்கு நடுவே அந்த வெற்றிடம் எங்கே கிடைக்கும்? பட்டை பிடிப்பதற்குள் அடுத்த கிளையில் மோதிவிடுவீர்கள். மரத்தில் வேலை செய்பவருக்கு விழாமலே நிற்க உதவும் ஹார்னஸ் தேவை. அதில் தொடைகளையும் இடுப்பையும் அகலமான பட்டை தாங்கும். கயிற்றை மாட்ட முன்பக்கம் வயிற்றருகே ஒரு வளையமும், மரத்தைச் சுற்றி வரும் இடுப்புக் கயிற்றுக்கு இரு பக்கங்களிலும் ஒவ்வொரு வளையமும் இருக்கும். ஐரோப்பியத் தரக் குறியீடுகளில் உட்கார்ந்து வேலை செய்யும் ஹார்னஸுக்கு ஈ.என். 813, இடுப்புப் பட்டைக்கும் இடுப்புக் கயிற்றுக்கும் ஈ.என். 358 என்ற எண்கள் உண்டு. லேபிளில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையிலேயே அணிந்து, ஒரு கம்பியில் பத்து நிமிடமாவது தொங்கிப் பாருங்கள். தொடை மரத்துப்போகிறது என்றால் அது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் உங்களுக்கானது அல்ல.

கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைத்தெருவில் நைலான் கயிறு என்று விற்பதில் பெரும்பகுதி நைலானே அல்ல. பச்சையும் நீலமுமாக வரும் அந்தக் கயிறுகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகள். ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: பாலிபுரோப்பிலீன் மிதக்கும், நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதக்கும் கயிறு வெயிலில் வேகமாக நொறுங்கும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அது ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பது. கயிற்றோடு கயிறு உரசும் முடிச்சில் ஒருவர் வேகமாக இறங்கினால் அந்த இடத்தில் அவ்வளவு சூடு எழக்கூடும். உண்மையான நைலான் 220 டிகிரி வரையும் பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனாலும் நைலான் நன்றாக இழுபடும். நனைந்தால் அதன் வலிமை பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். ஆகவே ஏறுவதற்கு, பாலியெஸ்டர் உறை கொண்ட, அதிகம் இழுபடாத, 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறே பொருத்தமானது. ஈ.என். 1891, 'ஏ' வகை என்று குறிக்கப்பட்ட கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையைத் தாங்க வேண்டும். உங்கள் எடை எழுபது கிலோதானே, இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். முடிச்சுப் போட்ட இடத்தில் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போய்விடும். தளர்ந்து கிடக்கும் கயிற்றில் சட்டென்று விழும்போது விசை எடையைப்போல் பல மடங்காகும். போதாததற்குத் தேய்மானமும் இருக்கிறது. அந்த மிச்ச வலிமை இவற்றுக்கெல்லாம் சேர்த்து வைத்தது.

கொக்கிகளில், தானாகப் பூட்டிக்கொண்டு, திறப்பதற்கு மூன்று அசைவுகள் தேவைப்படும் வகையையே வாங்குங்கள். திருகு வகைக் கொக்கி, கிளையில் உரசி உரசித் தானே கழன்றுகொள்ளக் கூடியது. கொக்கியின் வலிமை நீளவாட்டில்தான் இருக்கிறது. குறுக்குவாட்டில் இழுத்தால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ரம்பத்தை இயக்கும்போதெல்லாம் இரண்டு பிடிமானங்கள் இருக்க வேண்டும்: மேலே கட்டிய ஏறு கயிறு ஒன்று, மரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிறு மற்றொன்று. கை தவறி ரம்பம் ஒன்றை அறுத்துவிட்டாலும் மற்றொன்று பிடிக்கும். உள்ளே எஃகுக் கம்பி வைத்த இடுப்புக் கயிறும் கிடைக்கிறது. அறுபடுவதைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர, ஓடும் செயின்சாவுக்கு முன் அது அறவே அறுபடாது என்று நம்ப வேண்டாம். மின்கம்பி அருகே அதைப் பயன்படுத்தவே கூடாது. சாதாரணக் கயிறும் நனைந்தால் மின்சாரம் கடத்தும் என்பதால், கம்பி அருகே உள்ள மரத்துக்கு மின்வாரியத்திடம் கேட்டு இணைப்பைத் துண்டித்த பிறகே ஏறுங்கள்.

கயிறு கட்டும் கிளையையும் கருவியின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். முருங்கை, மயிற்கொன்றை போன்றவற்றின் கிளைகள் சொல்லாமல் முறியும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது சாய்ந்து, அப்படியே பிழைத்துக்கொண்ட மரங்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் நிற்கக்கூடும். வேர்ப்பக்கம் மண் எழும்பியிருந்தால் அதில் ஏறாமல் வேறு வழி பாருங்கள். கயிறு போட்டபின், ஏறுமுன், இரண்டு பேர் சேர்ந்து தொங்கி இழுத்துச் சோதியுங்கள். காலில் கட்டும் இரும்பு முள்ளை, அடியோடு வெட்டப்போகும் மரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தென்னையின் தண்டில் விழும் காயம் ஆறாது. சிவப்புக் கூன்வண்டு முட்டையிட அந்த இடத்தையே தேடி வரும்.

வெட்டிய துண்டை இறக்கும் கயிறு தனியாக இருக்க வேண்டும். ஏறும் கயிற்றை அதற்கு ஒருமுறைகூடக் கொடுக்கக் கூடாது. இரண்டும் வேறு நிறத்தில் இருந்தால் குழப்பம் வராது. முப்பது சென்டிமீட்டர் குறுக்களவும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறத்தாழ எழுபது கிலோ இருக்கும். அதைக் கப்பியில் மாட்டி அசையாமல் பிடித்திருக்கும்போதே கப்பி கட்டிய கிளையில் அதைப்போல் இரு மடங்கு சுமை விழுகிறது. கட்டை சற்று விழுந்து சட்டென்று நின்றால் சுமை இன்னும் பல மடங்காகும். சிறு துண்டுகளாக வெட்டுவதற்கு நேரம் ஆகும் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி ரம்பம். மரத்தின் மேல் பயன்படுத்த, கைப்பிடி மேற்பக்கம் அமைந்த, மூன்று முதல் நான்கு கிலோ எடையும் 12 அல்லது 14 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கொண்ட சிறு செயின்சா போதும். அதை ஒரு கையால் பிடித்து வெட்டும் ஆசையைத்தான் அடக்கிக்கொள்ள வேண்டும். பார் நுனியின் மேல்பாதி கிளையில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும், ஒரு கையால் அதைத் தடுக்க முடியாது. இரண்டு விரல் தடிமனுள்ள கிளைக்கு நல்ல கைரம்பமே வேகமானது என்பது என் அனுபவம்.

எரிபொருள் விஷயத்தில் கையேடு சொல்வதை மீற வேண்டாம். தரமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்கின்றன. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ரொம்ப நாள் வைத்த கலவையில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டரின் ரப்பர் சவ்வுகளும் கெடும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் ரம்பத்தை ஓய்வாக வைக்கும்போது டேங்கைக் காலிசெய்து, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓட்டி வையுங்கள். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதிலுள்ள உலோகத் துகள் ஆயில் பம்பையும் பாரையும் தின்றுவிடும்.

செயின் மழுங்கியதை மரத்தூளே காட்டிவிடும். கூரான செயின் சுருள் சுருளாகச் சீவல் தள்ளும். மழுங்கியது மாவுபோல் தூள் தள்ளும், நீங்களும் ரம்பத்தை அழுத்தத் தொடங்கியிருப்பீர்கள். சிறு செயின்சாக்களில் பொதுவாக வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் பொருந்தும். உள்ளிருந்து வெளியே, முப்பது டிகிரி சாய்வில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரத்தைத் தள்ளுங்கள். ஒரு பக்கப் பற்கள் நீளமாக நின்றுவிட்டால் வெட்டு ஒருபக்கமாக வளையும். நாலைந்து முறை தீட்டியபின், பல்லுக்கு முன்னுள்ள ஆழ அளவியையும் (பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதை முடிவு செய்யும் சிறு மேடு) தட்டை அரத்தால் பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ இருக்கும்படி குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் ரம்பம் எகிறும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டுவது, ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்வது, செயின் பிரேக் பிடிக்கிறதா என்று காலையில் பார்ப்பது ஆகியவை சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

லுங்கி கட்டிக்கொண்டு செயின்சா பிடிக்க வேண்டாம். ரம்பத்தைத் தாங்கும் பேண்ட்டுக்குள் இருக்கும் நீள இழைகள், செயின் பட்டதும் பிய்ந்து சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்துகின்றன. மேலே ஏறுபவருக்குக் காலைச் சுற்றிலும் இழை உள்ள 'சி' வகை நல்லது. நம் வெயிலுக்கு அது கனக்கும் என்பது உண்மை, அதனால் அந்த வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள். தலைக்கவசம் தாடைப் பட்டையோடு இருக்கட்டும்.

கயிற்றை எப்போது மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு நாளும் ஏறுமுன் முழுக் கயிற்றையும் விரல்களுக்கு இடையே ஓடவிட்டுப் பாருங்கள்: ஓரிடத்தில் தட்டையாகவோ கட்டியாகவோ கெட்டியாகவோ தட்டுப்பட்டால், உறை கிழிந்து உள்நூல் தெரிந்தால், உருகிப் பளபளத்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். பழுது நுனியருகே இருந்தால் அதை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். அழுக்கான கயிற்றை மிதமான சோப்பிலும் குளிர்ந்த நீரிலும் அலசி நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல் கேனோடு ஒரே சாக்கில் போட்டு எடுத்துச்செல்லாதீர்கள். பலமாக ஒருமுறை விழுந்து நின்ற கயிறும் ஹார்னஸும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழிக்கப்பட வேண்டியவையே. எதுவும் ஆகாவிட்டாலும், தயாரித்த தேதியிலிருந்து பத்து ஆண்டுகளே துணி, நூல் சார்ந்த கருவிகளுக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாகத் தரும் உச்ச வரம்பு. தினமும் ஏறும் உங்களுக்கு அதில் சிறு பகுதிகூட வராது. பிரிட்டனில் ஆளைத் தாங்கும் கருவிகளைத் தகுதி பெற்ற ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1998-ல் வந்த விதி இருக்கிறது. நீங்களும் ஒரு நோட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய தேதி, சோதித்த தேதி, நேர்ந்த சம்பவம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். கழித்த கயிற்றை அப்படியே மூலையில் போட்டால் அவசரத்தில் யாரோ எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, விறகு கட்டக் கொடுத்துவிடுங்கள்.