ஆறு நிமிடக் கணக்கு

கேள்வி: பழைய கணினி ஒன்றை லினக்ஸ் சர்வராக்கி, தைப்பூசக் காவடிப் படங்களையும் குடும்ப வீடியோக்களையும் அதில் சேர்த்து வருகிறேன். முன்பு முக்கால் நிமிடத்துக்குள் நகலான 4 ஜிபி கோப்புக்கு இப்போது ஆறு நிமிடம் ஆகிறது. எல்லாம் கேபிள் இணைப்புதான், வைஃபை இல்லை. இணையத் திட்டத்தை உயர்த்தினால் சரியாகுமா?
– வாசகர் ஒருவர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பணத்தை வீணாக்க வேண்டாம், வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் கோப்பு, இணையத்தைத் தொடுவதே இல்லை. நேரத்தை அளந்து எழுதினீர்களே, அதுவே பாதி வேலை. 4,000 மெகாபைட்டை 360 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட் வருகிறது. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பின் உச்சமோ நொடிக்கு 12.5 மெகாபைட், நடைமுறையில் கிடைப்பது 11 அல்லது 12. ஆகவே உங்கள் கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பு எங்கோ 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று நான் வலுவாகச் சந்தேகிக்கிறேன்.

சர்வரில், கேபிள் இணைப்பின் நிலையைக் காட்டும் ஈத்டூல் (ethtool) கட்டளையைக் கொடுத்து, வேகத்தைக் காட்டும் வரியில் 1000 இருக்கிறதா, 100 இருக்கிறதா என்று பாருங்கள். மறுமுனைக் கணினியிலும் பாருங்கள். கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும் என்பதால், மற்ற நான்கில் ஒரு கம்பி கெட்டாலும் இணைப்பு அறுபடாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். கேபிளின் மேல் யாருக்கும் ஐயம் எழாது. டர்பனின் உப்புக் காற்றில் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறுவதும் உண்டு. முதலில் கேபிளை மட்டும் மாற்றி அளந்து, பிறகே கணினிகளின் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் வேறு துளைக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒருசேர மாற்றினால், பழுது எதில் இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.

இரு முனையிலும் 1000 காட்டியும் வேகம் வரவில்லையென்றால், ஐபெர்ஃப் 3 (iperf3) மென்பொருளை இரு கணினிகளிலும் நிறுவி, இரு திசையிலும் அளந்து பாருங்கள். அது கோப்புகள் இருக்கும் வட்டைத் (டிஸ்க்) தொடாமல் வலையமைப்பை மட்டும் சோதிப்பது. 940 மெகாபிட்டை ஒட்டி வந்தால் வலையமைப்பில் குறையில்லை. வட்டைத்தான் பார்க்க வேண்டும். தேய்ந்துவரும் வட்டும் இப்படித் தயங்கும் என்பதால், எதையும் கழற்றும் முன் அந்தக் காவடிப் படங்களை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள்.